பன்னிரண்டு சிலிண்டரும் ஒரு மாப்பிள்ளையும்

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. கோடையில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை, வளைகுடாவில் ஓர் எரிவாயு ஆலையின் மீது ட்ரோன்கள் வந்து விழுந்தன.
2. அன்று மாலைக்குள் எங்கள் ஊர் திருமயத்தில், பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ‘வடை இல்லை’ என்று ஓர் அட்டை தொங்கியது.
3. மறுநாளிலிருந்து எங்கள் சிலிண்டர் ஏஜென்சியில் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.
4. அந்த வாரமே சமையல் மாஸ்டர் முத்தையா எங்கள் வீட்டுக்கு வந்து, பன்னிரண்டு சிலிண்டர் இல்லாமல் கரண்டியைத் தொடமாட்டேன் என்றார்.
5. அவர் சமைக்க வேண்டியிருந்தது என் கல்யாணத்துக்கு.
6. மாப்பிள்ளை வேலை பார்ப்பது, முதல் எண்ணில் சொன்ன ஆலையில்.
7. கல்யாணம் நின்றது. நிறுத்தியது நான். சிலிண்டருக்காக நிறுத்திவிட்டாள் என்று ஊர் சொல்கிறது. ஊருக்கு அப்படிச் சொன்னதும் நான்தான்.

ஒண்ணு எம் மனசுக்கு

முத்தையா மாஸ்டர் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த விதத்தை மறக்க முடியாது. ஒரு நாட்டின் எண்ணெய் மந்திரிகூட அவ்வளவு கனமாக உட்கார்ந்திருக்க மாட்டார்.

“கமர்ஷியல் பன்னெண்டு வேணும்ங்க. காலை டிபனுக்கு நாலு, மத்தியானத்துக்கு ஏழு” என்றார் அப்பாவிடம்.

“நாலும் ஏழும் பதினொண்ணுதானேங்க” என்றேன்.

“ஒண்ணு எம் மனசுக்கு ஆத்தா.”

அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். “வெறகுல செய்யக்கூடாதாங்க?”

“நான் செய்வேங்க. எங்கூட வர்ற ஆளுகளுக்கு அடுப்புக் குமிழைத் திருகத்தான் தெரியும். வெறகைக் கையில குடுத்தா, எந்தப் பக்கம் திருகணும்னு கேப்பானுக.”

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் விசேஷம் என்றால் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு சிலிண்டர் கொடுத்து உதவுவார்கள். விசேஷம் முடிந்ததும் நிரப்பித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்பா அந்த வழக்கத்தை நம்பிப் போனைக் கையில் எடுத்தார். எனக்கு எதையும் எழுதி வைக்கும் பழக்கம் இருப்பதால், வந்த பதில்களைக் குறித்துக்கொண்டேன்.

பெரிய மாமா: இப்பத்தான் மாட்டினோம்.

சின்ன மாமா: மாட்டினது நேற்றுத்தான்.

கொடும்பாளூர் சித்தப்பா: சிலிண்டர் இருக்கிறது, ரெகுலேட்டர் கழற்ற வரமாட்டேன் என்கிறது.

அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை: நாங்களே விரதத்தில் இருக்கிறோம்.

உறவினர்களிடம் மொத்தம் எத்தனை சிலிண்டர் இருக்கிறது என்று அன்று தெரிந்துகொள்ள முடியவில்லை. எத்தனை காரணம் இருக்கிறது என்று தெரிந்தது.

கேஸ் கம்பெனி மாப்பிள்ளை

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவள். புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் நடுவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கொதிகலனின் அழுத்தம் எவ்வளவு, குழாயில் ஓட்டம் எவ்வளவு, தொட்டியில் மட்டம் எவ்வளவு என்று காட்டும் கருவிகள் பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மனிதர்களிடம் அந்தப் பொறுப்பு எனக்குக் கிடையாது. அது பெரிய நிம்மதி.

இளங்கோ மணமேல்குடிக்காரர். அங்கே படித்து, குஜராத்தில் சில காலம் இருந்து, பிறகு வளைகுடாவுக்குப் போனவர். எரிவாயு ஆலையில் கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர். பெண் பார்க்க வந்த அன்று எங்களைத் தனியாகப் பேசச் சொன்னார்கள். கொல்லைப் பக்கம் போர்வெல் மோட்டாருக்கு அருகே நின்றோம்.

“எப்பவாவது அலாரத்தை அடக்கி வச்சிட்டு மிஷினை ஓட்டிருக்கீங்களா?” என்று கேட்டார்.

“இல்லைங்க.”

“நான் ஒருதடவை ஓட்டிருக்கேன். ரெண்டு நாள் தூக்கம் வரலை.”

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. வேறு எந்த மாப்பிள்ளையும் முதல் சந்திப்பில் தன் தவறைச் சொன்னதில்லை. அவர்கள் சொன்னதெல்லாம் என்னென்ன கார் வைத்திருக்கிறோம் என்பதுதான்.

‘மாப்பிள்ளை கேஸ் கம்பெனியில் வேலை’ என்று அம்மா ஊருக்குச் சொன்னார். ஊர் அதைத் தன் வசதிக்குப் புரிந்துகொண்டது. சிவப்புச் சிலிண்டரை வண்டியில் ஏற்றி வீடு வீடாக இறக்கும் தொழிலில் வெளிநாட்டுக் கிளை ஒன்று இருப்பதாகவும், அதில் மாப்பிள்ளைக்கு நல்ல செல்வாக்கு என்றும் எல்லோரும் நம்பினார்கள்.

ஆகவே தட்டுப்பாடு வந்ததும், ரெகுலேட்டர் கழற்ற வராத அதே சித்தப்பா எனக்குப் போன் செய்தார்.

“ஏம்மா ரேவதி, மாப்பிள்ளைகிட்டச் சொல்லி ஒரு பன்னெண்டு சிலிண்டர் அனுப்பச் சொல்லக்கூடாதா?”

“அவுக ஆலை மேலதான் சித்தப்பா ட்ரோன் விழுந்திருக்கு.”

“அது சரி. எல்லாத்து மேலயுமா விழுந்திருக்கும்? ஓரத்துல ரெண்டு மூணு நல்லதா இருக்கும்ல.”

மைக்ரோவேவ்

டி.வி.யில் மூன்று நாளாக ஒரே வரைபடம். சிவப்பு அம்புகள் இங்கிட்டும் அங்கிட்டும் பறந்தன. டீக்கடையில் வடை இல்லாத குறையைப் போர்த் தந்திரம் தீர்த்துவைத்தது. எந்த ஏவுகணை எங்கே விழும் என்று துல்லியமாகச் சொன்ன இரண்டு பேருக்கு, மதுரை பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்ல முடியவில்லை.

நான் டி.வி. பார்க்கவில்லை. பார்த்தால் அந்தப் படத்தில் எது டேங்க், எது கம்ப்ரஸர் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நான்காம் நாள் சாயங்காலம் இளங்கோ வீடியோவில் வந்தார். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே போனுக்கு முன்னால் தலைகளை அடுக்கிக்கொண்டோம்.

“நல்லா இருக்கேன் அத்தை. எங்களையெல்லாம் ஒரு மணி நேரம் தள்ளி ஒரு கேம்ப்புக்கு மாத்திட்டாங்க. ரூம், சாப்பாடு எல்லாம் நல்லா இருக்கு. ஃபிளைட் விட்டதும் வந்துருவேன்.”

பின்னால் வெள்ளைச் சுவர். முகம் ஷேவ் செய்து சுத்தமாக இருந்தது. நம்பும்படியாகத்தான் இருந்தது.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. ஒரே அளவில், விட்டுவிட்டு, சன்னமாக. இளங்கோவின் இடது கை திரைக்கு வெளியே நீண்டது. சத்தம் நின்றது. அவர் பேச்சை நிறுத்தவேயில்லை, அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவுமில்லை.

“அது என்னப்பா சத்தம்?” என்றார் அம்மா.

“மைக்ரோவேவ் அத்தை. சாப்பாடு சூடாயிருச்சு.”

எங்கள் தொழிற்சாலையிலும் அந்தச் சத்தம் உண்டு. கன்ட்ரோல் பேனலில் ஏதோ ஒன்று அளவு தாண்டினால் வரும் சத்தம் அது. பார்த்துவிட்டேன் என்று ஒருவர் பொத்தானை அழுத்தும்வரை நிற்காது. பல வருஷம் பேனலில் உட்கார்ந்தவர்களின் கை, கண்ணைக் கேட்காமலே அந்தப் பொத்தானுக்குப் போகும்.

அவர் கேம்ப்பில் இல்லை. ஆலைக்கு உள்ளே இருந்தார்.

அம்மா திருப்தியாக எழுந்து போனார். “பாவம், சூடாச் சாப்பிடட்டும்” என்றார்.

மூன்றில் இரண்டு

ஃபிளைட் விடவில்லை. பத்திரிகையோ எல்லோருக்கும் கொடுத்தாகிவிட்டது. முதல் பத்திரிகை குலதெய்வத்தின் காலடியில் இருக்கிறது. அங்கே வைத்துவிட்டால் தேதியை மாற்றக் கூடாது என்பது எங்கள் வீட்டிலும் அவர்கள் வீட்டிலும் ஒரே கருத்து. வேறு எதிலும் இரண்டு வீடும் ஒத்துப்போனதில்லை.

மணமேல்குடியிலிருந்து இளங்கோவின் அம்மாவும் அக்கா செல்வியும் வந்தார்கள். செல்வி அண்ணி பள்ளிக்கூட ஆசிரியை. எதையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதுபோலப் பேசுவார்.

“அந்தக் காலத்துல மாப்பிள்ளை சீமையில இருந்தா, கூடப்பொறந்தவ தாலி கட்டிக் கூட்டிட்டு வருவா. எங்க பாட்டன் வீட்டுலயே நடந்திருக்கு. நான் கட்டுறேன். தம்பி வீடியோவுல பாக்கட்டும்.”

அப்பா விரலை மடக்கினார். “மூணு முடிச்சுல ரெண்டு முடிச்சு எப்படியும் நாத்தனாதான் போடப்போகுது. மிச்சம் ஒண்ணுதானே. அதையும் போட்டாப் போச்சு.”

மூன்றில் இரண்டு பங்கு வேலை ஏற்கெனவே வெளியே கொடுக்கப்பட்டதுதான் என்பதை நான் அதுவரை அப்படி யோசித்துப் பார்த்ததில்லை. மாப்பிள்ளை என்பவரின் தேவை எவ்வளவு குறைவு என்று அன்றைக்குக் கணக்காகத் தெரிந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு மறுப்பு இல்லை. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகவே இருந்தது. யார் கட்டினால் என்ன, அவர் உள்ளே இருக்கும்போது அவருக்கு என்று ஒருத்தி இங்கே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அன்று மாலை ஆறு மணிக்கு அவர் எனக்குத் தனியாகப் போன் செய்தார்.

“ரேவதி, நீ வேணாம்னு சொல்லிரு.”

“ஏன்?”

“நான் சொன்னா அம்மா காரணம் கேப்பாங்க.”

“எனக்குக் காரணம் தெரியும். மைக்ரோவேவ் சத்தம் எங்க ஃபேக்டரியிலயும் இருக்கு.”

 பிறகு மெல்லச் சொன்னார். குளிரூட்டி வைக்க வேண்டிய எரிவாயு டேங்க் ஒன்று பாதி நிறைந்த நிலையில் இருக்கிறது. குளிரூட்டும் இயந்திரங்களில் இரண்டு போய்விட்டன. மிச்சமிருக்கும் ஒன்றை ஓட்டிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக எரித்துக் காலி செய்ய வேண்டும். அதுவரை ஆறு பேர் உள்ளே இருந்தாக வேண்டும். மாற்று ஆட்கள் வரச் சாலை திறக்கவில்லை.

“இன்னொருதடவை அடிப்பாங்களா?”

“அது அவங்களைத்தான் கேக்கணும்” என்றார். பிறகு, “அக்கா தாலி கட்டி, அப்புறம் எனக்கு ஏதாவதுன்னா, ஒன் நெத்தியில…”

அவர் முடிக்கவில்லை. முடித்திருந்தால் நான் போனை வைத்திருப்பேன்.

“சரி. நான் பாத்துக்கறேன்” என்றேன்.

நல்ல பொய் ஒன்று தேவை

பொய் சொல்வதில் எனக்குப் பயிற்சி இல்லை. நல்ல பொய்க்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினேன்.

ஒன்று, அவர் மேல் பழி வரக்கூடாது. இரண்டு, ஆலையைப் பற்றிப் பேச்சு வரக்கூடாது. மூன்று, கேட்பவர்களுக்கு உடனே கோபம் வர வேண்டும். கோபம் வந்தால் மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டார்கள்.

மறுநாள் காலையில் வாசலில் ஒரு டிராக்டர் கருவேல விறகு இறங்கிக் கிடந்தது. முத்தையா மாஸ்டரை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்து, அப்பா வெற்றியோடு கையைத் தட்டிக்கொண்டிருந்தார். இரவு எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்த இளங்கோவின் அம்மாவும் செல்வி அண்ணியும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“இந்தக் கல்யாணம் வேண்டாம்” என்றேன்.

“என்னது?”

“வெறகுல சமைச்சா எனக்கு வேண்டாம். கேஸ் அடுப்புல சமைக்க முடிஞ்சா வைங்க. இல்லாட்டிக் கேஸ் வர்றப்ப வச்சிக்கலாம்.”

இன்ஜினியரிங் படித்த ஒருத்தியின் வாயிலிருந்து இதைவிடக் கேவலமான வாக்கியம் வந்திருக்க முடியாது. ஆனால் மூன்று நிபந்தனைகளும் பூர்த்தியாகின.

அப்பா விறகையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏத்தா, நீ கட்டிக்கப்போறது மாப்பிள்ளையவா, அடுப்பவா?”

“பொகை ஒத்துக்காதுப்பா.”

“நீதான பாய்லர் கம்பெனியில வேலை பாக்குற?”

இந்த இடத்தில் என் பொய்க்குக் கொஞ்சம் பராமரிப்பு தேவைப்பட்டது. நான் செய்யவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். திமிருக்கு அது போதும்.

இளங்கோவின் அம்மா வாசலில் நின்று சொன்னது உள்ளே வரை கேட்டது. “எம் மகன் அங்கிட்டுக் குண்டுக்குப் பயந்து கேம்ப்புல கெடக்கான். இங்க ஒருத்திக்குக் கேஸ் அடுப்புக் கேக்குது.”

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்பா பேசினார், விறகைப் பற்றி மட்டும். ஊர் என்னை முழுமையாகப் புரிந்துகொண்டது. கேஸ் கம்பெனி மாப்பிள்ளையால் ஒரு சிலிண்டருக்கு வழி செய்ய முடியவில்லை, அதனால்தான் பெண் வேண்டாம் என்கிறாள், நியாயம்தானே என்றார்கள். சொந்தக்காரர்களில் கொடும்பாளூர் சித்தப்பா மட்டும் என் பக்கம் நின்றார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

மணமேல்குடி பஸ்

முகூர்த்த நாள் வந்தது, போனது. அன்று நான் வேலைக்குப் போனேன். ஒரு பிரஷர் கேஜ் தவறு காட்டியது. சரி செய்தேன்.

அதற்கு மறுவாரம் இரண்டாவது முறை அடித்தார்கள். அதே ஆலை. இளங்கோவின் போன் அணைந்திருந்தது. ஒரு நாள். இரண்டு நாள்.

மூன்றாம் நாள் காலையில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அறந்தாங்கி போய், அங்கிருந்து மணமேல்குடி பஸ் ஏறினேன். பொய்யைத் தொடர்வதா வேண்டாமா என்று இருபக்கமும் எழுதிப் பார்க்கத் தாள் எடுத்தேன். எதுவும் எழுதவில்லை. அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால், அது அவர் அம்மாவுக்கு டி.வி. செய்தியின் அடியில் ஓடும் எழுத்தாகத் தெரியக் கூடாது. அவ்வளவுதான் காரணம். பட்டியல் போடுகிற அளவுக்கு அது பெரிதாக இல்லை.

இளங்கோவின் அம்மா வீட்டுக் கொல்லையில் அடுப்புக்காகத் தென்னை மட்டை வெட்டிக்கொண்டிருந்தார். கையில் அரிவாள். உண்மை சொல்ல நல்ல சூழ்நிலை.

“வா” என்றார், நிமிராமல். “கேஸ் அடுப்பு கெடச்சிருச்சா?”

“அத்தை, அவுக கேம்ப்புல இல்லை. ஆரம்பத்துலேருந்தே ஆலைக்குள்ளதான் இருக்காக.”

மட்டை ஒன்று இரண்டானது. அது நான்கானது. நான் டேங்க், குளிரூட்டி, ஆறு பேர் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாளாகப் போன் இல்லை என்பதையும் சொன்னேன்.

“அவன்தான் ஒன்னையச் சொல்லச் சொன்னானா, கல்யாணம் வேண்டாம்னு?”

“ஆமாத்தை.”

“கேஸ் அடுப்பு?”

“அது நானா யோசிச்சது.”

அரிவாளை மட்டைமேல் கொத்தி நிறுத்தினார். “இதைவிட நல்ல பொய் ஒண்ணு ஒனக்கு வரலையா? இம்புட்டுப் படிச்சிருக்க. நான் கடைத்தெரு பூராம் ஒன்னையத் திமிரு புடிச்சவன்னு சொல்லி வச்சிருக்கேன். இனி ஒவ்வொருத்தர்கிட்டயும் போயித் திருப்பிச் சொல்லணுமா?”

“வேணாம்த்தை. அப்படியே இருக்கட்டும்.”

“அவனுக்குப் பதிலா வேற ஆளே இல்லையாமா?”

“ரோடு தெறக்கலை. போட்டது போட்டபடி விட்டுட்டு வந்தா டேங்க் சூடேறும். வெடிச்சாப் பக்கத்துல வேலைக்காரங்க குடியிருப்பு இருக்கு. ஸ்கூல் இருக்கு.”

அவர் உட்கார்ந்தார். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் அழப்போகிறார் என்று நான் தயாரானேன்.

“அந்த டேங்கு எம்புட்டுக் காலியாயிருக்கு?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. மட்டம் அளப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நான், அந்த ஒன்றைக் கேட்டு வைக்கவில்லை.

“தெரியாதுங்க அத்தை.”

“கேளு. மொதல்ல அதைக் கேக்காம என்ன படிச்ச?”

இப்போதைய நிலவரம்

போன் மறுநாள் மதியம் வந்தது. இரண்டாவது அடி ஆலையின் வேறு மூலையில், செல்போன் டவருக்கு அருகே விழுந்திருந்தது. ஆறு பேரும் முழுசாக இருந்தார்கள். உங்கள் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றேன். “ஒன்னைய அடிச்சாங்களா?” என்று கேட்டார். இல்லை, டேங்க் மட்டம் கேட்டார்கள் என்றேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஷிப்ட் முடிந்ததும் அவரிடமிருந்து எனக்கு ஓர் எண் வருகிறது. டேங்கில் நூற்றுக்கு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்ற வெறும் எண். வணக்கம், சாப்பிட்டாயா, எதுவும் கிடையாது. முதல் நாள் நாற்பத்தொன்று. பத்துக்குக் கீழே போனால் வெளியே போகலாம் என்று ஆறு பேருக்கும் சொல்லியிருக்கிறார்களாம்.

சாயங்காலம் அத்தை போன் செய்வார். “எம்புட்டு?” என்பார். சொல்வேன். “நேத்தைக்குக் கொறவா, கூடவா?” என்பார். ஒருநாள் மட்டும் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரே எண் வந்தது. அந்தக் கருவி சரியாக வேலை செய்கிறதா, யாராவது பார்த்தார்களா என்று அத்தை என்னைக் கேட்டார். ஐந்து வருஷ வேலையில் என் மேலதிகாரி ஒருவர்கூட இவ்வளவு சரியான கேள்வி கேட்டதில்லை.

அப்பாவிடமும் அம்மாவிடமும் சொல்லியாகிவிட்டது. அம்மா பேச ஆரம்பித்துவிட்டார், முன்பைவிட அதிகமாக. செல்வி அண்ணி, தம்பி வந்து அவனே மூன்று முடிச்சையும் போட்டுக்கொள்ளட்டும் என்று கோபித்துக்கொண்டிருக்கிறார். ஊரிடம் எதுவும் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

கல்யாணத்துக்குத் தேதி இல்லை. போர் நிற்கவில்லை. சாலை திறக்கவில்லை. இளங்கோ உள்ளேதான் இருக்கிறார்.

இன்று காலை வந்த எண் இருபத்தாறு.